எண் ஒன்று, வகை வேறு: பல்லுருச் சார்பு மொழிகளில் பரமானத்தன்மையும் வகைச் சமன்மையும்

2011ஆம் ஆண்டு கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சைக்கு முதன்முறையாகத் தோற்றியோர் புதிய பாடத்திட்டத்திலும், மீளத் தோற்றியோர் பழைய பாடத்திட்டத்திலும் விடையெழுதினர். வினாத்தாள்கள் வேறு, தோற்றிய தொகுதிகள் வேறு. ஆயினும் பெறப்பட்ட புள்ளிகள் யாவும் பூச்சியத்துக்கும் நூறுக்கும் இடைப்பட்ட எண்களே. பல்கலைக்கழக அனுமதிக்குரிய இசட் புள்ளி, இரு தொகுதிகளையும் ஒன்றிணைக்கும் ஒரு கணிப்பு முறையினால் வழங்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2012இல் நீதிமன்றம் அக்கணிப்பினைத் தள்ளி, இரு தொகுதியினரையும் வெவ்வேறு தொகுதிகளாகவே கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது.

சாய்ந்தமருது, கல்முனை, சம்மாந்துறை முதலிய ஊர்களின் மாணவர்க்கு இஃது ஏட்டளவிலான சிக்கல் அன்று. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 இடங்கள் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அம்பாறை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. வெட்டுப்புள்ளியின் நான்காவது தசமதானம் ஒருவரை மருத்துவ பீடத்தினுள்ளே அனுமதிக்கும். அடுத்தவரை வாயிலில் நிறுத்தும். ஆகவே ‘இவ்வெண்ணும் அவ்வெண்ணும் ஒரே இனத்தனவா?’ என்னும் வினா, இப்பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் உறக்கத்தைக் கெடுத்த வினாவாகும்.

கணினியியலாளர் இவ்வினாவை வேறொரு பெயரில் அறிவர். அவர்கள் இதனை வகைச் சமன்மை என்பர். இரு தரவு வகைகள் எப்போது ஒன்று? உள்ளே இருக்கும் எண் ஒன்றாயின் வகையும் ஒன்றாகிவிடுமா? ஒன்றின் இடத்தில் மற்றதை வைப்பதற்கு நமக்கு உரிமை எங்கிருந்து வருகிறது? பல்லுருச் சார்பு மொழிகள் என வழங்கும் செய்நிரலாக்க மொழிகளின் கோட்பாட்டில் இவ்வினாக்கள் அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருகின்றன. அவ்வாராய்ச்சியின் மையமான பரமானத்தன்மை என்னும் கருத்தை விளக்குவதும், வகைச் சமன்மையோடு அதற்குள்ள உறவைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பல்லுருமை பற்றி நோக்குவோம். 1967இல் கொப்பன்ஹேகனில் நடைபெற்ற கோடைகாலக் கல்லூரியொன்றில் ஆங்கிலேயக் கணினியறிஞர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி ஆற்றிய விரிவுரைகளில், ஒரே செயல் பல வகைகளின்மேல் இயங்கும் நிலையை இரண்டாகப் பிரித்தார். கூட்டற் குறியை எடுத்துக்கொள்வோம். முழுவெண்களைக் கூட்டுவதற்கு ஒரு முறை, தசமவெண்களைக் கூட்டுவதற்கு வேறொரு முறை; குறி மட்டுமே பொது. இதனை அவர் வாய்ப்புக்கேற்ற பல்லுருமை என்றார். ஒரு பட்டியலில் எத்தனை உறுப்புகள் உள்ளன என்று எண்ணும் சார்போ அத்தகையதன்று. உறுப்புகள் எண்களா, பெயர்களா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. எல்லா வகைக்கும் ஒரே முறைதான். இதுவே பரமானப் பல்லுருமை. வகையானது இங்கு ஒரு பரமானம். எதனையும் இட்டு நிரப்பலாம்.

இப்பிரிவு சிறியதாகத் தோன்றினும் அதன் விளைவு பெரிது. நெல் ஆலையொன்றில் மூட்டை சுமக்கும் நாட்டாமைமாரை நினைத்துப் பார்க்கலாம். மூட்டையைப் பிரித்துப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அந்நிலையில் அவர்களால் செய்யக்கூடியவை யாவை? அடுக்கை மாற்றலாம், சிலவற்றை விட்டுவிடலாம். இயந்திரமாயின் ஒரு மூட்டையைப் படியெடுத்து இரண்டாகவும் வைக்கலாம். ஆனால் ‘சம்பா மூட்டைகளை மட்டும் முன்னே வை’ என்னும் பணியை, உள்ளே பாராதவரால் நிறைவேற்றவே இயலாது. வெறுங்கையிலிருந்து ஒரு நெல் மூட்டையை வரவழைக்கவும் இயலாது. எனவே இவர் ‘எம்மூட்டையையும் சுமப்பவர், எதனையும் பிரிக்காதவர்’ என்ற ஒரு குறிப்பிலிருந்தே, அவருடைய செயலை நேரிற் காணாமல், அவரைப்பற்றிப் பலவற்றை நாம் உறுதியாகக் கூறலாம்.

அவற்றுள் ஒன்று கவனத்துக்குரியது. நெல் மூட்டைகளை முதலில் நாட்டாமை அடுக்கட்டும். பின்னர் ஒவ்வொரு மூட்டையும் குற்றப்பட்டு அரிசி மூட்டையாகட்டும். அன்றேல் முதலில் குற்றி அரிசியாக்கிவிட்டுப் பின்னர் அடுக்கட்டும். இறுதியில் கிடைக்கும் அடுக்கு இரண்டிலும் ஒன்றே. காரணம் வெளிப்படை: உள்ளிருப்பது நெல்லா அரிசியா என்பது அவருடைய அடுக்குமுறையைப் பாதிக்க வழியில்லை. செய்நிரல் மொழியிற் கூறுவதாயின், ‘எந்த க வகைக்கும், க பட்டியலை வாங்கிக் க பட்டியலைத் தருவது’ என்று வகையுரைக்கப்பட்ட எச்சார்பாயினும், பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றும் எச்செயலோடும் முன்பின்னாக இடம் மாறலாம். பட்டியலைத் தலைகீழாக்கும் சார்புக்கும் இது பொருந்தும். ஒன்றுவிட்டொன்று எடுக்கும் சார்புக்கும் பொருந்தும். சார்பின் உடலை நாம் வாசிக்கவில்லை. அதன் வகையை மட்டுமே வாசித்தோம். தேற்றம் கிடைத்துவிட்டது. பிலிப் வாட்லர் 1989இல் எழுதிய கட்டுரையில் இவற்றை ‘இலவசத் தேற்றங்கள்’ என்று பெயரிட்டமை பொருத்தமானதே.

இவ்வகைகளைத் தாங்கும் முறைசார் கணிதத்தைப் பிரான்சிய அளவையியலாளர் ஜோன்-இவ் ஜிரார் 1972இல் தம் ஆய்வேட்டிலும், அமெரிக்கரான ஜோன் ரெனோல்ட்ஸ் 1974இலும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டனர். முன்னவர் நிறுவல்களைப் பற்றி ஆராய்ந்தவர்; பின்னவர் செய்நிரல்களைப் பற்றி. இரு வேறு துறையினர் ஒரே கட்டமைப்பில் வந்து நின்றமையால், அதனை மனிதர் தம் வசதிக்காகப் புனைந்த ஒன்று எனத் தள்ளிவிட முடியாது என்பது நமது கருத்து. எடின்பரோவில் ரொபின் மில்னர் உருவாக்கிய எம்.எல். மொழியும் அவரது 1978ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதன் எளிய பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. 1990இல் ஹஸ்கல் மொழியின் முதல் அறிக்கை வெளியாயிற்று.

ரெனோல்ட்ஸ் 1983இல் வெளியிட்ட கட்டுரையே பரமானத்தன்மைக்கு வித்திட்டது. அது ஒரு கற்பனைக் கதையோடு தொடங்குகிறது. ஒரு பல்கலைக்கழகத்தில் சிக்கலெண்களைக் கற்பிக்க இரு வகுப்புகள். ஒன்றில் பேராசிரியர் டெக்கார்ட், சிக்கலெண் என்பது இரு மெய்யெண்களின் சோடி என்கிறார். அஃதாவது கிடைத்தூரமும் நிலைத்தூரமும். மற்றதில் பேராசிரியர் பெசெல், அதனை நீளமும் கோணமும் ஆகிய சோடி என்கிறார். முதல் வகுப்பு முடிந்ததும் பதிவாளர் அலுவலகத்தின் தவறினால் மாணவர் இடம் மாறிவிடுகின்றனர். (பதிவாளர் அலுவலகங்களின் இயல்பு எந்நாட்டிலும் ஒன்றுபோலும்.) ஆயினும் எவருக்கும் எவ்வித முரண்பாடும் எழவில்லை. ஏனெனில் வரைவிலக்கணத்துக்குப் பின் இருவரும் கற்பித்தவை கூட்டல், பெருக்கல் போன்ற செயல்களின் வழியே மட்டும் அமைந்தவை. உள்ளே இருந்த சோடியை மீண்டும் எவரும் பிரித்துப் பார்க்கவில்லை.

இக்கதையின் நுட்பம் யாதெனில், இரு உருவமைப்புகளுக்கும் இடையே உள்ளது ஒரு சார்பு அன்று, ஒரு தொடர்பு. பூச்சியம் என்னும் சிக்கலெண்ணுக்குப் பெசெலின் முறையில் எக்கோணமும் பொருந்தும். டெக்கார்டின் ஒரு சோடிக்குப் பெசெலின் எண்ணற்ற சோடிகள் ஈடாகின்றன. எனவே ரெனோல்ட்ஸ் விதியை இவ்வாறு அமைத்தார்: பல்லுருச் சார்பொன்று, தொடர்புடைய உள்ளீடுகளைப் பெறின் தொடர்புடைய வெளியீடுகளையே தரும், அத்தொடர்பு எதுவாயினும் சரி. நெல்லும் அரிசியும் பற்றி நாம் மேலே கூறியது இவ்விதியின் ஒரு சிறு வகை மாத்திரமே.

நடைமுறை மொழிகளில் இது முழுமையாகச் செல்லுபடியாகுமா என்று வினவலாம். முழுமையாக அன்று. முடிவுறாத கணிப்புகள் உள்ள மொழியில் சில நிபந்தனைகள் சேர்க்கப்படல் வேண்டும். ஹஸ்கல் மொழியில் எவ்வகைப் பெறுமானத்தையும் கட்டாயமாகக் கணிக்கச்செய்யும் ஒரு செயல் உண்டு. அதனாலும் தேற்றங்கள் நலிவுறுகின்றன என்பதைப் பத்ரீசியா ஜோகானும் யானிஸ் ஃபோய்க்ட்லண்டரும் 2004இல் காட்டினர். மூட்டையை நாட்டாமை பிரிக்கவில்லை. ஆனால் தட்டிப் பார்த்துவிட்டார் என்று இதனைக் கூறலாம்.

இனி இசட் புள்ளிக்கு வருவோம். ஒருவரது புள்ளியிலிருந்து தொகுதியின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது; நம் நாட்டில் 2001 முதல் அனுமதிக்குப் பயன்பட்டு வருகிறது. ஆண்ட்ரூ கென்னடி 1997இல் பரமானத்தன்மையை அளவலகுகளுக்கு விரித்தார். எண்ணின் வகையிலேயே அதன் அலகையும் எழுதி, அவ்வலகையும் ஒரு பரமானமாகக் கொள்வது அவர் முறை. பின்னர் எஃப் ஷார்ப் என்னும் மொழியில் அளவலகுகள் இடம்பெற்றன. இம்முறையில் இசட் புள்ளிச் சார்பின் வகை, ‘எந்த அலகிலும் அமைந்த எண்களின் பட்டியலை வாங்கி, அலகற்ற எண்களின் பட்டியலைத் தருவது’ என்பதாகும். இவ்வகையிலிருந்து உடனே கிடைக்கும் இலவசத் தேற்றம்: எல்லாப் புள்ளிகளையும் ஒரே நேரெண்ணால் பெருக்கினும் விடை மாறாது. புள்ளிகளை 35 என்னும் சித்தி எல்லையோடு ஒப்பிடும் சார்பு ஒன்று இவ்வகையைப் பெறவே முடியாது; 35 என்பதற்கு ஓர் அலகு வேண்டும், அலகோ முன்கூட்டி அறியப்படாதது. எல்லாப் புள்ளிகளோடும் ஒரே எண்ணைக் கூட்டினும் இசட் புள்ளி மாறாது என்பதை வகையிலிருந்து பெறுவதற்கு இன்னும் செறிந்த வகைமுறை தேவை; அத்கி, ஜோகான், கென்னடி ஆகியோர் 2013இல் அவ்வழியிற் சென்றனர்.

ஆனால் இத்தேற்றத்தில் ஒரு முற்கோள் மறைந்துள்ளது. பட்டியல் முழுவதும் ஒரே அலகில் இருத்தல் வேண்டும். பழைய வினாத்தாள் ஓர் அளவுகோல், புதிய வினாத்தாள் வேறோர் அளவுகோல் எனின், ஒன்றை ஓர் எண்ணாலும் மற்றதை வேறோர் எண்ணாலும் பெருக்கியது போன்ற நிலை உண்டாகிறது. அங்கு தேற்றம் எதனையும் உறுதியளிக்காது. எண்கள் ஒத்திருந்தமையால் வகைகளும் ஒத்தவை எனக் கொள்ளப்பட்டன. சிக்கல் அங்கேதான் எழுந்தது.

ஆகவே, வகைகள் சமன் என்பதற்குச் சான்று யாது? லைப்னிட்ஸ் என்னும் செர்மானிய மெய்யியலாளர் பெயரால் வழங்கும் விதி இதற்கு விடை தருகிறது: ஒன்றைப்பற்றிக் கூறத்தக்க யாவும் மற்றதற்கும் பொருந்துமாயின் இரண்டும் ஒன்றே. 2002இல் பார்ஸ், ஸ்வியர்ஸ்ட்ரா ஆகியோரும், தனியே செனி, ஹின்ஸ ஆகியோரும் இவ்விதியைச் செய்நிரலுக்குள் ஒரு வகையாகவே எழுதினர். க வகையும் ச வகையும் சமன் என்பதன் சான்று, ‘எந்தச் சூழலிலும், க நின்ற பொருளை வாங்கி ச நின்ற பொருளைத் தரும்’ பல்லுருச் சார்பு. சூழல் இங்கே பரமானம். அதனைப் பிரித்துப் பார்க்கும் உரிமை சார்புக்கு இல்லை. எனவே வாங்கியதை அப்படியே திருப்பித் தருவதன்றி அதனால் வேறொன்றும் செய்ய இயலாது. அவ்வாறு திருப்பித் தருவதோ இரு வகைகளும் ஒன்றாயிருந்தாலன்றி இயலாது. சமன்மைக்கு உரிய பொருளைத் தருவது பரமானத்தன்மையே என்பது இதனால் விளங்கும்.

இச்சான்று ஒருதிசையாகத் தோன்றலாம். கவிலிருந்து சவுக்குச் செல்கிறது, மீள வழி யாது? வழி அழகானது. ‘இவ்விடத்தில் நிற்பது கவுக்குச் சமன்’ என்பதையே சூழலாகத் தெரிவு செய்வோம். அவ்விடத்தில் கவை வைப்பின் ‘க, கவுக்குச் சமன்’ என்றாகிறது. அது எப்போதும் உண்மை. நம் சான்று அதே இடத்தில் சவை வைக்க உரிமை தருகிறது. கிடைப்பது: ‘ச, கவுக்குச் சமன்’. மாணவர்க்கு இதனைக் கற்பிக்கும்போது பெரும்பாலோர் இதில் ஏதோ ஏமாற்று இருப்பதாகவே முதலில் கருதுவர். இல்லை.

கோட்பாடு இவ்வளவு தெளிவாயிருக்கவும், ஹஸ்கல் மொழியின் முதன்மைத் தொகுப்பானில் பல ஆண்டுகள் ஒரு பிழை வாழ்ந்தது. அம்மொழியில் ஏற்கெனவே உள்ள வகையொன்றுக்குப் புதுப்பெயர் சூட்டிப் புதிய வகையாக்கலாம். பரீட்சைப் புள்ளியும் தரவரிசை நிலையும் உள்ளே முழுவெண்களே. ஆனால் புள்ளியில் 100 மேலானது, நிலையில் 1 மேலானது. இரண்டையும் கூட்டுவது மடமை. புதுப்பெயர் அம்மடமையைத் தடுக்கிறது; ஓட்டத்தின்போது எவ்விதச் செலவும் இல்லை. முழுவெண்ணுக்கு எழுதப்பட்ட செயல்களை இப்புதிய வகைக்கு அப்படியே எடுத்தாளும் வசதியையும் தொகுப்பான் வழங்கியது. உள்ளுக்குள் அது ‘இரண்டும் ஒன்றே’ எனக் கொண்டது.

பின்னர், வகையைப் பார்த்து வேறொரு வகையைத் தரும் வகைநிலைச் சார்புகள் அம்மொழிக்கு வந்தன. அத்தகைய ஒன்று முழுவெண்ணுக்கு மெய்–பொய் வகையையும், நிலைக்கு எழுத்து வகையையும் தரலாம், தடையில்லை. அப்போது முழுவெண்ணும் நிலையும் ஒன்றே என்பதிலிருந்து, மெய்–பொய்யும் எழுத்தும் ஒன்றே என்ற முடிவு பிறந்தது. வகைச்சோதனையில் தேறிய செய்நிரல் ஓட்டத்தில் தகர்ந்தது. வகைமுறையின் முதல் வாக்குறுதியே பொய்த்தது எனலாம்.

காரணத்தை நாட்டாமை உவமையிலேயே காணலாம். வகைநிலைச் சார்பு மூட்டையின் பெயர்ச்சீட்டை வாசிக்கிறது. சீட்டை வாசிப்பவருக்கு நிலையும் முழுவெண்ணும் வேறு. வாசியாதவருக்கு அவை ஒன்று. ஆக, சமன்மை என்பது ஒன்றல்ல. பெயரளவான சமன்மை ஒன்று. உருவமைப்பு அளவான சமன்மை மற்றொன்று. ஸ்டெபனி வைரிக்கும் அவருடன் ஆய்ந்தோரும் 2011இல் இப்பாகுபாட்டை முறைப்படுத்தினர். 2014இல் அத்தொகுப்பானின் 7.8ஆம் பதிப்பில் அது எளிய வடிவில் இடம்பெற்றது. ஒவ்வொரு வகைப் பரமானத்துக்கும் ஒரு பங்கு வகுக்கப்படுகிறது. பட்டியலின் பரமானம் உருவமைப்புப் பங்கினது. எனவே முழுவெண் பட்டியலை நிலைப் பட்டியலாகச் செலவின்றி மாற்றலாம். மேலானது முன்னே என வரிசைப்படுத்தி வைக்கப்பட்ட தொடையின் பரமானமோ பெயர்ப் பங்கினதாக அறிவிக்கப்பட்டுள்ளது. புள்ளிகளின் திறமைப் பட்டியலை வரிசை மாற்றாமல் நிலைகளின் திறமைப் பட்டியல் என்று பெயர் மாற்றினால், கடைசி மாணவர் முதல்வராவார். அதனைத் தொகுப்பான் மறுக்கிறது.

இவையெல்லாம் மேனாட்டு ஆய்வுகூடங்களின் விவகாரம் என்று எண்ணுதற்கில்லை. முதல் ஹஸ்கல் அறிக்கையின் ஆக்கியோருள் அர்விந்த், ரிஷியூர் நிகில் ஆகிய இரு இந்தியர் இருந்தனர். அவர்கள் ஈடுபட்ட புளூஸ்பெக் என்னும் வன்பொருள் மொழியிலேயே, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சக்தி நுண்முறைவழியாக்கிகள் எழுதப்பட்டன. 2018இல் அவற்றுள் ஒன்று சண்டிகாரில் 180 நானோமீற்றர் முறையில் சில்லாக வார்க்கப்பட்டது. அம்மொழியிலும் பல்லுரு வரிசைக் கூறுகள் உண்டு. ஆனால் வன்பொருளில் ஒவ்வொரு பொருளும் எத்தனை பிற்று அகலம் என்பது தெரிந்தாக வேண்டும். ஆகவே ‘எந்த வகைக்கும்’ என்பது ‘பிற்று அகலம் அறியப்பட்ட எந்த வகைக்கும்’ எனச் சுருங்குகிறது. இவ்வகலமும் அவ்வகலமும் சேர்ந்தது மூன்றாவதற்குச் சமன் என்பன போன்ற நிபந்தனைகள் வகையிலேயே எழுதப்படுகின்றன. சமன்மைச் சான்று அங்கே சிலிக்கனில் கம்பிகளின் எண்ணிக்கையாக முடிகிறது.

2011ஆம் ஆண்டுக் கணிப்பை இத்தகைய மொழியொன்றில் எழுதுவதாகக் கொள்வோம். புள்ளி என்னும் வகை, தான் எத்தொகுதிக்குரியது என்பதை ஒரு பரமானமாகத் தாங்கட்டும்: பழைய பாடத்திட்டப் புள்ளி, புதிய பாடத்திட்டப் புள்ளி. இசட் புள்ளிச் சார்பு, எந்தத் தொகுதிக்கும், அத்தொகுதியின் பட்டியலை மட்டுமே ஏற்கும். இரு பட்டியல்களையும் இணைத்துக் கொடுத்தால் தொகுப்பான் சமன்மைச் சான்று கேட்கும், சான்று இல்லை. நீதிமன்றம் செல்லவேண்டிய தேவை அற்றுவிடும் என்று நாம் கூறவில்லை. தனித்தனியே கணித்த பின்னரும் இரு தொகுதிகளின் இசட் புள்ளிகளை ஒரே வெட்டுப்புள்ளியின் முன் நிறுத்தத்தான் வேண்டும். பழைய தொகுதியில் முன்னிற்பவரும் புதிய தொகுதியில் முன்னிற்பவரும் நிகரானவர் என்பது ஓர் எடுகோள். அதனை எவ்வகைமுறையும் நிறுவித் தராது. ஆனால் அவ்விடத்தில் ஒருவர் மாற்றுச் சார்பொன்றைப் பெயரிட்டு எழுதியாக வேண்டும். எடுகோள் எண்களுக்கிடையே ஒளிந்திராது, எவரும் வாசிக்கத்தக்க வரியாக நிற்கும்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தொகுதியின் பெயர் அப்புள்ளியின் உள்ளடக்கத்தில் எங்கும் தோன்றுவதில்லை. வகையில் மட்டுமே நிற்கிறது. அத்தகைய பரமானத்துக்கு ஹஸ்கல் தொகுப்பான் தானாக வழங்குவது வெற்றுப் பங்கு. அப்பங்கின்கீழ்ப் பழைய பாடத்திட்டப் புள்ளியைப் புதியதாக மாற்றுவதற்கு எச்சான்றும் கேட்கப்படாது. ஆதலால் அப்பரமானம் பெயர்ப் பங்கினது என எழுதுபவரே வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். புள்ளியை முழுவெண்ணாகப் பிரிக்கும் வாயிலையும் வெளியார் காணாதவாறு கூற்றினுள்ளே மறைத்து வைத்தல் வேண்டும்.